வெள்ளிக்கிழமை பால் வாங்காத முனி

நம் பள்ளிக்குப் பின்னால், செம்பனைத் தோட்டம் முடியும் இடத்தில் வேலி போட்ட ஒரு புல்மேடு இருக்கிறது. வேலிக்கு வெளியே, மேட்டின் அடியில், தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயில். அங்கே செவ்வாய்க்கிழமை பால் கொண்டுபோனால் வாங்கி அபிஷேகம் செய்வார்கள். வெள்ளிக்கிழமை கொண்டுபோனால், செவ்வாய்க்கிழமை வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் உள்ள எல்லாச் சாமிக்கும் வெள்ளிக்கிழமைதான் விசேஷம், இந்த ஒரு சாமிக்கு மட்டும் என்ன கோளாறு என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மகளிடம் கேட்டிருக்கிறாள். என் மகள் சரளா உங்கள் பள்ளியில்தான் ஆசிரியை. அவளுக்கும் பதில் தெரியவில்லை.

"அப்பா, நீங்கதானே அங்க வேலை செஞ்சீங்க. பள்ளி மலருக்கு எழுதிக் குடுங்க" என்றாள். கெட்ட வார்த்தை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். நாங்கள் வேலையிடத்தில் பேசியதில் பாதி அதோடு போய்விட்டது. மீதியை எழுதுகிறேன். நான் படிவம் மூன்று வரைதான் படித்தவன். பிழை இருந்தால் ஆசிரியை திருத்தட்டும், அதற்குத்தான் அவளைப் படிக்க வைத்தேன்.

அந்த மேடு ஒரு காலத்தில் குளமாக இருந்தது. மீன் குளம் இல்லை, சாம்பல் குளம். பக்கத்தில் இருந்த ஆலைக்குச் சொந்தமாக ஒரு மின் நிலையம் இருந்தது. அங்கே நிலக்கரி எரித்தார்கள். எரித்தால் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகக் குளத்துக்குத் தள்ளுவார்கள். சாம்பல் அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். இப்படி வருடக் கணக்காகத் தள்ளினால், மேலே பார்ப்பதற்குக் குளம், உள்ளே முழுக்கக் கஞ்சி. அந்தக் கஞ்சியைச் சிந்தாமல் பிடித்து வைத்திருந்தது சுற்றிலும் போட்ட மண் கரைதான். மூன்று ஆள் உயரம். மேலே ஒரு லோரி போகலாம்.

கரைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்தின் ஆறு வீடுகள் இருந்தன. கரை உடைந்தால் சாம்பல் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விடியும் முன்பே போய் ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. எனக்குக் காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது. அதனால் ஆலையில் சேர்ந்தேன். அங்கே இன்னும் சீக்கிரம் எழுந்திருக்கச் சொன்னார்கள். முதல் பல வருடங்கள் என் வேலை, சாம்பல் குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பது. அடைப்பு இருந்தால் சத்தம் மாறும். இதைக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் போதும். நான் ஆறு மாதம் கற்றுக்கொள்வது போல நடித்து, தட்டுகிறவர் பின்னால் நடந்தேன், தட்டுவதை விட நடப்பது சுலபம் என்பதால். பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு ஆலை நிலக்கரியை நிறுத்திவிட்டு எரிவாயுவுக்கு மாறியது. குளத்தை வற்றவைத்து மூட வேண்டும் என்று முடிவானது. அதைப் பார்த்துக்கொள்ள ஜமால் பாய் வந்து சேர்ந்தார்.

ஜமால் பாய் பீடோங்காரர். அவருடைய அத்தா பீடோங் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மகன் கடைக்கு வரவில்லை, மண் வேலைக்குப் போனார். ஆனால் கடை அவரை விடவில்லை. எதைச் சொன்னாலும் தேத்தண்ணியில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் திட்டினால் நாம் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நம்மைத் திட்டுவதை நாமே கிட்டப் போய்க் கேட்பது எவ்வளவு கேவலம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் அவர் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்தார். ஒன்று கடையிலிருந்து கொண்டுவந்த தேத்தண்ணி கிளாஸ். இன்னொன்று தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். யாருக்கோ ஏழரை பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அது எனக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். மனிதனுக்கு வியர்ப்பது போல. கரையின் அடியில் ஐந்து இடங்களில் நூல் போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வருவதில் தப்பில்லை. தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண்ணையும் அள்ளிக்கொண்டு வருகிறது என்று பொருள். வெளியே இருந்து பார்த்தால் கரை அப்படியே நிற்கும், உள்ளே ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

அதற்குத்தான் கிளாஸ். கசிவுக்குக் கீழே பிடித்து, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். ஈரத்தை வெளியே துடைக்க வேண்டும். ஐம்பது எண்ண வேண்டும், குமிழி அடங்குவதற்கு. பிறகு மரண அறிவித்தல் பக்கத்தைக் கிளாஸுக்குப் பின்னால் பிடித்து, செத்தவர் பெயரைப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் புத்தகத்தில் 'தெளிவு' என்று எழுதிக் கையெழுத்து. முடியாவிட்டால் ஓடிவந்து அவரிடம் சொல்ல வேண்டும்.

ஏன் பாய் மரண அறிவித்தல் என்று கேட்டேன். விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தால் பையன்கள் வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவார்களாம். செத்தவரை யாரும் இரண்டு தடவை படிக்க மாட்டார்களாம். அதோடு எழுத்து எல்லாம் ஒரே அளவு.

ஐந்து இடம், ஐந்து நாள். திங்கள் முதலாவது இடம், செவ்வாய் இரண்டாவது, இப்படிப் போய் வெள்ளிக்கிழமை ஐந்தாவது. நான்கு நாளும் நாங்கள் சேர்ந்து போவோம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் பீடோங் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அதனால் ஐந்தாவது இடம் மட்டும் என் பொறுப்பு.

தண்ணீரை வற்றவைப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. குளத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்டுப் பெட்டி, அதன் வாயில் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேல் பலகையை எடுத்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் வழிந்து போகும். மூன்று நாளுக்கு ஒரு பலகை, அதற்கு மேல் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் என்ன என்று நான் கேட்டேன். என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். ஒரு பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கி நன்றாக ஊறவிட்டு, வெடுக்கென்று தூக்கினார். பாதி பிஸ்கட் கிளாஸுக்குள் விழுந்தது. கரையும் உள் பக்கம் ஊறிப்போய்த்தான் நிற்கிறது, தாங்கிக்கொண்டிருக்கும் தண்ணீரை வேகமாக எடுத்தால் இப்படித்தான் சரியும் என்றார். மிச்சப் பாதியை அவரே தின்றார்.

தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவருக்கு இந்தப் பொறுமை பிடிக்கவில்லை. கருப்புச் சப்பாத்து பளபளக்க வந்தார். தண்ணீர் வற்றிய மூலையில் சாம்பல் காய்ந்து, வெள்ளையாக, சிமெண்டுத் தரை போல இருந்தது. காய்ந்துவிட்டதே, நாளைக்கே இயந்திரத்தை இறக்குங்கள் என்றார். ஜமால் பாய் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அந்தத் தரையில் குத்தினார். கம்பி கை அளவு ஆழத்துக்கு விறைப்பாக நின்றது, பிறகு தானாகவே உள்ளே போய்விட்டது. மேலே அப்பளம், கீழே கஞ்சி. அதிகாரி அதைப் பார்க்கவில்லை. அதற்குள் நான்கு அடி உள்ளே நடந்து போயிருந்தார். ஐந்தாவது அடியில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். பலகை போட்டு, கயிறு போட்டு இழுத்தோம். ஆள் வந்துவிட்டார், சப்பாத்து வரவில்லை. இப்போதும் ஒரு சப்பாத்து அந்தப் புல்மேட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. பிள்ளைகள் வேலிக்குள் போகக் கூடாது என்று பலகை வைத்திருப்பது உங்களை மிரட்டுவதற்காக அல்ல.

ஜமால் பாய் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். கரையின் காலைத் தொடாதே. காலென்றால், கரை வந்து தரையில் ஊன்றும் இடம். அங்கே ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கக் கூடாது. சரி பாய் என்றேன். நல்ல பிள்ளையாகத் தலையையும் ஆட்டினேன்.

இப்போது முனிக்கு வருகிறேன்.

ஐந்தாவது கசிவு, லயத்துக்கு நேர் எதிரே, கரையின் காலில் இருந்தது. வெயில் காலத்திலும் அந்த இடம் பச்சையாக இருக்கும். அங்கே சாமி ஊற்றுத் திறந்திருக்கிறது என்று சொல்லி லயத்து ஜனங்கள் ஒரு கல்லை நட்டு, சூலம் ஊன்றி, கொட்டகை போட்டுவிட்டார்கள். அது ஊற்று இல்லை, சாம்பல் குளத்தின் வியர்வை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுருட்டு வைத்துக் கும்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டது கன்னியம்மா அக்கா. லயத்தின் முதல் வீடு. மூன்று மாடு வைத்திருந்தார். புருஷன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு குடம் பால் முனிக்கு ஊற்றுவார். ஊற்றும்போது பக்தியாக எதுவும் சொல்ல மாட்டார். அந்த வாரம் சாமி செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லுவார், தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோர் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது போல.

வருடாந்திரப் பூசை வந்தது. கசிவுத் தண்ணீர் கோயில் வாசலில் தேங்கிச் சேறாகக் கிடந்தது. சேற்றில் நின்றா சாமி கும்பிடுவது, இத்தனை இயந்திரம் வைத்திருக்கிறாயே, ஒரு கால்வாய் வெட்டித் தர உனக்கு வக்கில்லையா என்று அக்கா என்னைக் கேட்டார். பத்துப் பேர் முன்னால் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஜமால் பாய் இல்லாத நேரம், சிறிய தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய், கோயிலுக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டிக் கொடுத்தேன். வாசல் காய்ந்தது. எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். பூசையில் எனக்கு முதல் மாலை.

நான் வெட்டியது கரையின் காலில். எனக்கு அது தெரியாமல் இல்லை. இவ்வளவு சின்னக் கால்வாய் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மேலிருந்து பார்த்தால் கொட்டகைக் கூரை மறைத்துவிடும், பாய் பார்க்க மாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டாவதைத்தான் முதலில் நினைத்தேன்.

பூசை நடந்த வெள்ளிக்கிழமை கிளாஸைப் பிடித்தேன். வெள்ளையாகக் கலங்கி வந்தது. ஐம்பது எண்ணினேன், பெயர் தெரியவில்லை. பதற்றம் ஒன்றும் இல்லை. அன்று முனிக்கு ஊற்றிய பாலில் ஒரு மாடே குளித்திருக்கலாம். கல்லிலிருந்து வழிந்த பால் கால்வாயில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தில் 'தெளிவு' என்று எழுதினேன். அடுத்த வெள்ளியும் அதே கலங்கல். அபிஷேகப் பால் என்று அதே 'தெளிவு'. அதற்கடுத்த வெள்ளி மழை பிடித்திருந்தது. நாங்கள் எடுத்த பலகைகளுக்கெல்லாம் பழி வாங்குவது போலக் குளம் மறுபடி நிரம்பி நின்றது. கிளாஸைப் பிடித்தேன். இந்தத் தடவை கிளாஸுக்குப் பின்னால் பத்திரிகை இருப்பதே தெரியவில்லை. அதற்கும் 'தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீரைக் கொட்டப் போனேன்.

அப்போது கன்னியம்மா அக்கா புல்லுக்கட்டோடு வந்தார். நான் சும்மா கேலிக்குச் சொன்னேன். "அக்கா, சாமிக்குப் பாலைக் கொஞ்சம் கொறைங்க லா. செத்தவன் பேரு கூடத் தெரிய மாட்டேங்குது."

அக்கா புல்லுக்கட்டை இறக்கி வைத்தார். "எந்தப் பாலு?"

"ஊத்துறீங்களே, அந்தப் பாலு."

"அவருக்குப் பால நிப்பாட்டி ரெண்டு வாரமாச்சு. என் செவப்பி காணாமப் போயி எத்தன நாளாச்சு, கண்டுபுடிச்சுக் குடுத்தாரா? காவலுக்குன்னு உக்காந்துகிட்டு, மாடு போறதக் கூடப் பாக்காத ஆளுக்கு எதுக்குப் பாலு? மாடு வரட்டும், பாலு வரும்னு சொல்லிட்டேன்."

சிவப்பி அவருடைய நல்ல கறவை மாடு. எனக்கு மாடு காதில் விழவில்லை. இரண்டு வாரம் என்பது மட்டும்தான் விழுந்தது. கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனேன். பால் வாசனை இல்லை. ஈர மண் வாசனை. விரலை விட்டுத் தேய்த்தேன். மாவு போல நறநறத்தது. கால்வாய்க்குள் இறங்கிப் பார்த்தேன். கரைப் பக்கத்துச் சுவரில், கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு துளை. அதன் வாயில் எறும்புப் புற்று போல வெளுத்த சாம்பல் மண் கூம்பாகக் குவிந்திருந்தது. நடுவில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் ஆறு வீடு. வெள்ளிக்கிழமை மதியம், அடுப்பு எரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

அக்காவிடம் எல்லாரையும் கிளப்பிப் பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கரை ஓட்டை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. அது வரை என்னை அவர் ஒரு நாளும் கேள்வி கேட்காமல் விட்டதில்லை.

ஆலைக்குப் போன் போட்டு வேலையாட்களை வரச் சொன்னேன். பிறகு ஜமால் பாய்க்குப் போட்டேன். தொழுகை நேரம், போன் அணைந்திருந்தது. கிளாஸோடு மோட்டார் ஓட்ட முடியாது. அக்கா வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கி, கலங்கல் தண்ணீரை ஊற்றி, கடையில் தேத்தண்ணி கட்டுவது போல ரப்பர் வளையம் போட்டு, கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பீடோங்குக்கு ஓட்டினேன்.

பள்ளிவாசலில் தொழுகை நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புகளுக்கு நடுவே பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடம் கிடையாது. முடிந்து ஜனம் வெளியே வந்தது. ஒரு பெரியவர் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி விக்கிறியா தம்பி என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜமால் பாய் படியில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். குரல் எப்போதும் போலத் தாழ்வாகத்தான் இருந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எத்தன வெள்ளி?"

"மூணு, பாய்."

"புஸ்தகத்துல என்ன எழுதின?"

"தெளிவுன்னு. பால்னு நெனச்சுட்டேன்."

பையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "காலத் தொட்டியா?"

"தொட்டேன்."

"சரி. செருப்பு அப்புறம் தேடிக்கலாம். வண்டிய எடு."

வெறும் காலோடு பின்னால் ஏறிக்கொண்டார். திட்டுவார் என்று வழி முழுக்கக் காத்திருந்தேன். அவர் கை மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. அவருக்கு மோட்டார் வேகம் பயம், நான் அன்று மிக வேகமாக ஓட்டினேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது வேலையாட்கள் ஓடி வந்து மண் மூட்டைகளைக் குவித்துவிட்டார்கள். நானும் ஒரு களிமண் மூட்டையைத் தூக்கி அந்தத் துளையில் அமுக்கப் போனேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஜமால் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடைக்காத தம்பி. அடைச்சா அது வேற வழி தேடும், அந்த வழி எங்கன்னு நமக்குத் தெரியாது. தண்ணிய விடு. மண்ணப் புடி. தேத்தண்ணி எப்படி வடிக்கிறோம்? தூளு நிக்கும், தண்ணி போவும்."

அன்று நாங்கள் செய்தது ஒரு பெரிய தேத்தண்ணி வடிகட்டிதான். முதலில் துளையின் மேல் ஆற்று மணல். அதன் மேல் பட்டாணி அளவு கல். அதன் மேல் முட்டை அளவு கல். மணல் கரையின் மண்ணைப் பிடிக்கும், சின்னக் கல் மணலைப் பிடிக்கும், பெரிய கல் சின்னக் கல்லைப் பிடிக்கும். தண்ணீர் மட்டும் எல்லாவற்றுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்து வெளியே வரும். வரிசை மாறினால் எல்லாம் வீண். இயந்திரம் பக்கத்தில் வரக் கூடாது, அதிர்ந்தால் கரை கஞ்சியாகிவிடும். எல்லாம் கூடையிலும் வாளியிலும், கைமாற்றிக் கைமாற்றி. மேலே இரண்டு பம்புகளை வைத்துக் குளத்துத் தண்ணீரைப் பக்கத்துச் சின்னக் குளத்துக்கு மாற்றினார். அவசரத்திலும் அளந்துதான் மாற்றினார். பிஸ்கட்டை அவர் மறக்கவில்லை.

நான் வெட்டிய கால்வாய் முழுவதையும் இதே போல நிரப்ப வேண்டும், கோயில் நின்ற இடத்தையும் சேர்த்து. அங்கேதான் வேலை நின்றது. கல்லை யார் தூக்குவது? சாமிக் கல்லைத் தொட ஒருவரும் வரவில்லை. ஜமால் பாய், நான் தொட்டால் உங்கள் ஆட்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று ஒதுங்கி நின்றார். நான் மாலை வாங்கிய ஆள், இரண்டு அடி பின்னால் போய் நின்றேன். பத்துப் பேர் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் துளை கொப்பளித்துக்கொண்டிருந்தது.

பள்ளி மண்டபத்துக்குப் போன கன்னியம்மா அக்கா திரும்பி வந்துகொண்டிருந்தார். மற்ற இரண்டு மாட்டையும் அவிழ்க்க வந்தாராம். எங்களைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். என்ன விஷயம் என்று புரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினார். கல்லை அசைத்துப் பிடுங்கி, பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வாங்க சாமி, எல்லாரும் பள்ளிக்கூடத்துலதான் இருக்கோம். உங்களுக்கும் ஒரு பாய் போடுறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நீங்கள் காலையில் வரிசையாக நிற்கிறீர்களே, அந்த மண்டபத்தின் மேடையில், ஹார்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் முனி மூன்று நாள் இருந்தார். பக்கத்தில் ஆறு வீட்டு ஜனம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஜமால் பாய் கிளாஸைப் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பத்திரிகைப் பக்கத்தில் கருப்பாக ஏதோ இருப்பது தெரிந்தது. பிறகு செத்தவருடைய படம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பிறகு மீசை தெரிந்தது. ஒரு மனிதர் செத்ததை அன்று நாங்கள் இருபது தடவையாவது உறுதி செய்திருப்போம். வெயில் இறங்கி, செம்பனை நிழல் நீண்டு வந்தபோது, அவர் கிளாஸை என்னிடம் நீட்டினார். படி என்றார். நான் படித்தேன். பெயர், வயது, எந்தத் தோட்டம் என்பது வரை படித்தேன். யாரோ முன்பின் தெரியாதவருக்கு நான் அழுவதைப் பார்த்து வேலையாட்கள் குழம்பிப் போனார்கள்.

மூன்று நாள் கழித்து ஆறு வீட்டிலும் மறுபடி அடுப்பு எரிந்தது.

புத்தகம் மிச்சம் இருந்தது. என் மூன்று 'தெளிவு'களும் கையெழுத்தோடு உட்கார்ந்திருந்தன. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஜமால் பாய் சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். "அடிக்காத. பக்கத்துல எழுது." ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'கலங்கல், பால் என்று தவறாக நினைத்தேன்' என்று எழுதினேன். கால்வாய் வெட்டியதையும் எழுதினேன். அதற்குக் கீழே அவர் எழுதினார்: ஐந்தாவது இடத்தை நான் ஒரு நாளும் நேரில் பார்க்கவில்லை, தவறு என்னுடையதும். கையெழுத்துப் போட்டார். அப்படி எழுத வேண்டாம் பாய் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணைக்கு வந்தவர் பழைய சப்பாத்து அதிகாரிதான். புதுச் சப்பாத்து போட்டிருந்தார், கரையை விட்டு இறங்கவே இல்லை. ஏன் தப்பாக எழுதினாய் என்றார். பால் என்று நினைத்தேன் ஐயா என்றேன். என்ன பால் என்றார். சாமி பால் என்றேன். ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக எழுதிக்கொண்டார். பிறகு அந்த அறிக்கையை எனக்கு ஒருவர் படித்துச் சொன்னார். அதில் முனியும் இல்லை, மாடும் இல்லை, பாலும் இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜமால் பாய்க்கும் ஒன்று வந்தது. அவருடைய வேலைக் காலத்தில் அது ஒன்றுதான்.

அந்த வார இறுதியில் சிவப்பி தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கே போயிருந்தது என்று இது வரை யாருக்கும் தெரியாது. முனிதான் ஓட்டி வந்தார், கொஞ்சம் மெதுவான ஆள் என்று அக்கா சொல்லிவிட்டார். நான்தான் பாலை நிறுத்தி உன் கண்ணைத் திறந்தேன் என்றும் சொல்லுவார். அப்படியானால் கரையைக் காப்பாற்றியது யார், நீங்களா முனியா என்று கேட்டால், ரெண்டு பேரும் பேசித்தான் செய்தோம் என்பார்.

வடிகட்டிக்குக் கொஞ்சம் தள்ளிப் புதுக் கொட்டகை போட்டுக் கல்லை நட்டார்கள். மாடு வந்ததற்குப் பால் ஊற்ற வேண்டும். வியாழக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, வெள்ளிக்கெழம உன் கிளாஸ் நாளு. நான் பால் ஊத்துனா உனக்குக் கண்ணு தெரியாது. அதனால சாமிக்கிட்டப் பேசிட்டேன், இனிமே அவருக்குச் செவ்வாக்கெழமதான். ஒரு நாளும் மறக்க மாட்டேன், நீயும் மறக்காத."

பதில் அவ்வளவுதான். ஐந்தாம் ஆண்டு மாணவி இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு குளம் முழுவதும் வற்றியது. சாம்பல் இறுகியது. களிமண் போட்டு, தண்ணீர் புகாத விரிப்புப் போட்டு, மேலே மண் போட்டுப் புல் நட்டோம். அக்கா காலமாகிவிட்டார். அவருடைய மருமகள் கோயிலைப் பார்க்கிறாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது, ஆனால் வெள்ளிக்கிழமை பால் வாங்க மாட்டாள்.

குளத்தை மூடினாலும் கால் கசிவது நிற்காது, வருடக் கணக்கில் பார்க்க வேண்டும். இப்போது அங்கே ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கலங்கினால் கோலாலம்பூரில் யாருடைய போனிலோ மணி அடிக்குமாம். நல்ல பெட்டிதான். எனக்கு ஓய்வு கொடுக்கும் வரை நான் கிளாஸையும் விடவில்லை.

ஜமால் பாய் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்று, தம்பி நடத்துகிற கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் போனால், பால் கலந்து ஆற்றிய தே தாரிக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "கலங்கியிருக்கு லா. கரை உடையப் போவுது" என்பார். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன்.

நான் வேலையை விட்டு வருவதற்கு முந்திய வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம் போல அன்றைய பத்திரிகையில் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி மடித்துக்கொண்டு போனேன். கிளாஸை விளிம்பு வரை நிரப்பினேன். வெளியே துடைத்தேன். ஐம்பது எண்ணினேன். பக்கத்தைப் பின்னால் பிடித்தேன். ஜமால் பாயின் பெயர் இருந்தது. அத்தா பெயர், பீடோங், அடக்கத்துக்கு ஜனாஸா எடுக்கும் நேரம் வரை ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

புத்தகத்தைத் திறந்து 'தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு பீடோங்குக்குப் போனேன்.